நாற்பத்தெண்மர் பணி

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் நிகழ்த்திய உரை)

 

தண்பொருநையோடு சிற்றாறு வந்து கலக்கும் சீவலப்பேரிக்கு அருகில் மறுகால்தலை என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூர்க் குன்றில் இயற்கையாய் அமைந்த குகைத்தளம் ஒன்றும், அதன் நெற்றியில் தமிழி எழுத்தில் வெட்டிய ஒரே வரியும் உண்டு. இன்றைக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட எழுத்து அது என்பது அறிஞர் கருத்து. இப்பள்ளத்தாக்கில் கிடைத்த மிகப் பழைய கல்வெட்டுகளுள் ஒன்றாகிய அதில் அரசனின் வெற்றி பேசப்படவில்லை. கோயில் நிலமும் பேசப்படவில்லை. வெண்காசிபன் என்பவன் கற்படுக்கை ஒன்றைச் செய்வித்துக் கொடுத்தான் என்பதே செய்தி. ஒரு மனிதர் மற்றொருவருக்குப் படுக்க இடம் கொடுத்தார் என்பதைக் கல்லில் வெட்டி வைத்த நாடு இது.

கழுகுமலையில் அதற்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்ட காட்சி காணக்கிடைக்கிறது. அங்கே பாறை முழுதும் தீர்த்தங்கரர் திருவுருவங்கள். ஒவ்வொன்றின் கீழும் செய்வித்தவர் பெயர். ஆசிரியர், மாணாக்கர், குரத்தியர் எனப்பட்ட பெண் துறவியர் ஆகியோர் பெயர்களோடு குயவர், தச்சர் போன்ற தொழிலாளர் பெயர்களும் அங்கே பதிவாகியுள்ளன. ஆணும் பெண்ணும் கற்ற பள்ளி அது. அங்குச் சித்தாந்தம் விரித்துரைத்த துறவியர்க்கு உணவு தவறாது கிடைக்க ஏற்பாடு செய்த கல்வெட்டும் உண்டு. துறவு தனிமையைத் தேடுவதாக எண்ணுவது வழக்கம். இக்கல்வெட்டுகளைப் படிப்பவர்க்கு வேறொன்று புலப்படும்: ஒருவர் தனித்து நோற்பதற்கும் ஓர் ஊரே உடன் நிற்க வேண்டியிருந்தது.

இன்றைய பாளையங்கோட்டையிலோ நெல்லை நகரிலோ மாலைப் பொழுதில் ஒரு தெருவில் நடந்தால், விளக்கு ஓர் அறையில் மட்டும் எரியும் பெரிய வீடுகளைக் காணலாம். பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடாவிலும் அமெரிக்காவிலும் இருக்க, ஆச்சி ஒருவர் தொலைக்காட்சிக்கு முன்னே தனியே இருப்பார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் அறுபது வயது நிறைந்தோர் பத்துக் கோடிக்கும் மேற்பட்டோர். 2007ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், மாவட்டத்திற்கு ஓர் இல்லமேனும் அமைத்து, அதில் குறைந்தது 150 வறிய முதியோர் தங்க இடம் செய்யலாம் என்கிறது. சட்டம் கட்டடத்தைச் சொல்கிறது. கட்டடத்திற்குள் நிகழும் வாழ்வைச் சட்டத்தால் சொல்ல இயலாது.

இங்கே ஒரு சொல்லைத் தெளிவாக்கிக் கொள்ளுதல் நலம். தமிழ்நாட்டில் ‘நர்சிங் ஹோம்’ என்றால் மகப்பேறும் அறுவை மருத்துவமும் பார்க்கும் சிறிய தனியார் மருத்துவமனை என்றே பொருள். மேலைநாட்டில் அச்சொல், எழுந்து நடமாட இயலாதவரும் நினைவு மங்கியவரும் வாழ்நாளின் எஞ்சிய பகுதியைக் கழிக்கும் இல்லத்தைக் குறிக்கும். நம்மூர் முதியோர் இல்லங்கள் பலவும் நடமாடக் கூடியவர்களையே சேர்த்துக்கொள்கின்றன. படுக்கையில் விழுந்தவரை உறவினரிடம் திருப்பி அனுப்புகின்றன. ஆகவே மிகுந்த உதவி வேண்டுவோருக்கே இடமில்லை என்ற நிலை. ‘பராமரிப்பு இல்லம்’ என்று இவ்வுரையில் சொல்லப்படுவது, எழ முடியாதவர்க்கான இல்லமே.

அவ்வாறான இல்லத்தில் எத்தனைப் பணியாளர் இருக்க வேண்டும்? அவர்கள் என்னென்ன செய்ய வேண்டும்? இக்கேள்விகளை முதன்முதல் கேட்டவர்கள் மேலைநாட்டு மருத்துவர்கள் என்றே பலர் எண்ணுவர். சிவாரியர் பிராகிருத மொழியில் இயற்றிய பகவதி ஆராதனை என்னும் நூல் இதற்கு எண்ணோடு விடை தந்திருக்கிறது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பாக்களையுடைய அப்பழைய நூல், சல்லேகனை நோற்கும் துறவியின் இறுதி நாள்களை விரிவாகப் பேசுகிறது. அவரைச் சூழ்ந்து துணை நிற்போர் நிர்யாபகர் எனப்படுவர். முழுமையான ஏற்பாட்டில் அவர்கள் நாற்பத்தெண்மர். நால்வர் நால்வராகப் பன்னிரண்டு பிரிவு.

முதல் நால்வரின் கடமை, நோன்பாளரை எழுப்புதல், அமர்த்துதல், நடத்துதல், புரண்டு படுக்கச் செய்தல். இன்றைய செவிலியர் பாடநூல், அசைய இயலாதவரை இரண்டு மணி நேரத்திற்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைக்கச் சொல்கிறது; இல்லையேல் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப் புண் வரும். காற்று மெத்தை இல்லாத காலத்தில் நான்கு பேரின் கைகளே அவ்வேலையைச் செய்தன. அடுத்த நால்வரின் வேலை அறக்கதைகளைச் சொல்வது. பின்னும் நால்வர் ஏற்ற உணவு கொணர, நால்வர் பருகுவன கொணர, நால்வர் கொணர்ந்தவற்றைக் காவல் செய்வர். நால்வர் மலசலம் அகற்றிப் படுக்கையைத் தூய்மை செய்வர். நால்வர் நோன்பாளரின் வாயிலையும், நால்வர் அவைக்கூடத்தின் வாயிலையும் காப்பர். நால்வர் இரவெல்லாம் விழித்திருப்பர். நால்வர் நாட்டு நிலவரத்தைக் கவனித்து வருவர். நால்வர் பார்க்க வருவோர்க்கு அறம் உரைப்பர். கடைசி நால்வர் வாதத்தில் வல்லவர்கள். இந்தக் கடைசி நால்வரை இன்று அறிந்தோர் புன்னகைக்கலாம். ஆயினும் நோயாளியின் படுக்கையருகே வந்து நின்று சிகிச்சை தவறு, உணவு தவறு, மருத்துவர் தவறு என்று வாதிடும் உறவினரைக் கண்டவர்கள், அவர்களை வெளியே நிறுத்திப் பேச நான்கு பேர் போதுமா என்றே கேட்பர்.

இப்பட்டியலில் இரண்டு செய்திகள் ஆழ்ந்து நோக்கத் தக்கன. கதை சொல்வோரும் கழிவு அகற்றுவோரும் ஒரே வரிசையில், ஒரே எண்ணிக்கையில் நிற்கின்றனர். கதை பொழுதுபோக்காகவோ, மீந்த நேரத்தில் செய்யும் வேலையாகவோ கருதப்படவில்லை. கழிவகற்றுவோரும் தாழ்ந்த வேலையாள் அல்லர். அவரும் துறவியே, சங்கத்தில் சமமானவரே. இன்றைய இல்லங்களில் முதலாவதற்கு ஆளே இல்லை. இரண்டாவதைச் செய்பவருக்குப் பெயரே இல்லை. ‘ஆயா’ என்ற ஒரே சொல் அனைவருக்கும் போதுமாகிவிடுகிறது.

காலமும் இடமும் வாய்க்காதபோது நாற்பத்தெண்மர் நாற்பத்து நால்வராகலாம், நாற்பதின்மராகலாம், நால்வர் வரையிலும் குறையலாம் என்று நூல் இடம் தருகிறது. மிகவும் நெருக்கடியில் இருவர். ஒருவர் மட்டும் கூடாது. அதற்கு நூல் கூறும் காரணம் வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் எவருக்கும் உடனே விளங்கும். ஒருவரே இருந்தால், தம் உணவுக்காக அவர் வெளியே செல்லும் வேளையில் நோன்பாளர் கைவிடப்படுவார். செல்லாதிருந்தால் அவரே அழிவார். படுத்த படுக்கையான மாமியாரைப் பத்தாண்டு தனியே பார்த்து, முதுகு வளைந்து, தம் நீரிழிவைக் கவனியாது விட்ட மருமகள்கள் இப்பள்ளத்தாக்கில் ஒவ்வொரு தெருவிலும் உள்ளனர். அவர்களைப் பொறுமைசாலிகள் எனப் புகழ்வது வழக்கமாக இருக்கிறது. இரண்டாவது ஆளை அனுப்புவது வழக்கமாக இல்லை.

இப்பணி துறவியர் தமக்குள் செய்துகொள்வதன்றோ, இல்லறத்தார்க்கு இதில் என்ன என்று சிலர் வினவக்கூடும். உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் அகத்தவம் ஆறனுள் ஒன்றாக வையாவிருத்தியத்தை வைக்கிறது. அத்தொண்டுக்கு உரியோர் பதின்மரை எண்ணும்போது நோயுற்றோரையும் சேர்க்கிறது. சமந்தபத்திரரோ தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் வையாவிருத்தியத்தைச் சாவகர்க்குரிய சிட்சாவிரதம் நான்கனுள் ஒன்றாகவே ஆக்கிவிட்டார். அந்நூலின் வழியில் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் இதைப் பேசுகிறது. தானம் கொடுப்பதோடு விரதம் முடிவதில்லை. நற்குணம் உடையோரின் கால் பிடித்து விடுதலும் இடர் நீக்குதலும் அதில் அடங்கும். காசோலையால் மட்டும் நிறைவேற்ற இயலாத விரதம் இது.

அருவருப்பின்மைக்கு எடுத்துக்காட்டாக அவ்வாசிரியர் உத்தாயணன் பெயரைக் குறிக்கிறார். உரையாசிரியர்கள் கதையை விரிக்கின்றனர். தேவன் ஒருவன் நோயுற்ற முனிவர் வடிவில் அரண்மனைக்கு வந்து உணவெல்லாம் உண்டு, அரசன் மேலும் அரசி மேலும் கக்கிவிட்டான். நாற்றம் தாங்காமல் பணியாளர் அனைவரும் ஓடினர். அரசனும் அரசியும் நின்று, தாம் கொடுத்த உணவில் ஏதோ பிழை நேர்ந்ததென வருந்தி, தம் கையாலேயே அவர் உடலைக் கழுவினர். அரசனைப் புகழ்வதோடு இக்கதையை முடிப்பது மரபு. ஓடிய பணியாளர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு என்பதைச் சொல்லத் துணிதல் வேண்டும். அரசன் அதை ஒரு நாள் செய்தான். பராமரிப்பு இல்லத்தில் பணிபுரியும் பெண் அதை நாள்தோறும், ஒரு வேளையில் பல முறை, பலருக்குச் செய்கிறாள். முக்கூடல், ஆலங்குளம் பக்கத்துச் சிற்றூர்களில் பீடி சுற்றி வாழ்ந்த குடும்பங்களிலிருந்து இவ்வேலைக்கு வரும் பெண்ணுக்கு அது தவம் என்று சொல்லிக் கூலியைக் குறைப்பது அறமாகாது. பன்னிரண்டு மணி நேரம் ஒரே மூச்சில் வேலை வாங்கினால் பன்னிரண்டாம் மணி நேரத்தில் கை கடினமாகும், சொல்லும் கடினமாகும். முதியவரின் மேனியில் காணும் கன்றிய தழும்பு, பெரும்பாலும் கொடுமையால் வருவதன்று. ஆள் போதாமையால் வருவது.

இனி இல்லத்தினுள் பொழுது கழியும் வகையைக் காண்போம்.

அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தின் நியூ பெர்லின் என்னும் சிற்றூரில் சேஸ் மெமோரியல் என்றொரு பராமரிப்பு இல்லம். 1991இல் அங்கு மருத்துவப் பொறுப்பேற்ற பில் தாமஸ் என்னும் இளைஞர், அங்குள்ளோரை வாட்டுவன மூன்று என்று கண்டார்: தனிமை, சலிப்பு, இயலாமை. மருந்துப் பட்டியலில் இம்மூன்றுக்கும் மருந்தில்லை. ஆகவே அவர் இரண்டு நாய்கள், நான்கு பூனைகள், நூறு கிளிகள் ஆகியவற்றை இல்லத்திற்குள் கொண்டுவந்தார்; அறைதோறும் செடி வைத்தார்; பணியாளரின் குழந்தைகள் பள்ளி விட்டதும் அங்கே வர வழி செய்தார். பேசாதிருந்தவர் பேசினர். படுக்கையை விட்டு எழாதவர், நாயை உலாவ அழைத்துச் செல்ல முன்வந்தனர். மருந்துத் தேவை வெகுவாகக் குறைந்தது. அதற்கும் முன்னரே, 1976இல், எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் என்னும் உளவியலறிஞர் இருவர் கனெக்டிகட் மாநிலத்து இல்லமொன்றில் ஒரு தளத்தாரிடம் செடியைக் கொடுத்து நீங்களே வளர்த்துக்கொள்ளுங்கள் என்றும், மற்றொரு தளத்தாரிடம் கொடுத்துச் செவிலியர் நீரூற்றுவர் என்றும் கூறினர். தாமே நீரூற்றியவர்களிடம் மகிழ்ச்சியும் சுறுசுறுப்பும் மிகுந்தன. முதுமையில் மனிதர்க்கு வேண்டுவது பெறுவது மட்டுமன்று. பேணுவதற்கு ஓர் உயிரும் வேண்டும்.

இக்கருத்து சமணர்க்கு இனிக்கும். ஆயினும் அந்த நூறு கிளிகள் கூண்டுக் கிளிகள் என்பதைக் காணாதிருக்க இயலாது. ஓர் உயிரின் தனிமை தீர மற்றோர் உயிரைச் சிறையிடலாமா? தில்லி செங்கோட்டைக்கு எதிரே லால் மந்திர் வளாகத்தில் சமணர் நடத்தும் பறவை மருத்துவமனை இதற்கு வழி காட்டுகிறது. அங்குக் குணமான பறவையைக் கூண்டில் அடைப்பதில்லை, வானில் விடுகின்றனர். தில்லி வரை போகவும் வேண்டா. நாங்குநேரிக்கு அருகே கூந்தன்குளம் இருக்கிறது. 1994இல் அது பறவைகள் புகலிடமாக அறிவிக்கப்பட்டது; அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே ஊரார் அப்பறவைகளைக் காத்து வருகின்றனர். தெருவிலுள்ள மரங்களிலும் வீட்டு முற்றத்து மரங்களிலும் நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டுகின்றன. பறவை வருவது நல்ல மழைக்கு அடையாளம் என்று ஊரார் நம்புகின்றனர். எச்சத்தின் நாற்றத்தையும் ஓயாத இரைச்சலையும் பொறுத்துக்கொள்கின்றனர். கூண்டின்றியே பறவையோடு வாழலாம் என்பதற்கு இதைவிட அருகில் சான்று இல்லை. மதில்மேல் தானியமும் மண்கலத்தில் நீரும் வைக்கும் வேலையை ஆச்சிமார் இருவர் கையில் ஒப்படைத்தால் போதும். கிளியும் மைனாவும் தாமே வரும். தவறாது அதே நேரத்தில் வரும். வராத நாளில் இல்லத்தில் அதுவே பேச்சாகும்.

முதியோர் கைகளுக்கு உரிய வேலை வேறும் உண்டு. பருப்பிலும் தானியத்திலும் வண்டு, புழு இருப்பின் அவற்றிற்கு ஊறு நேராமல் பிரித்து வெளியே விடும் நுட்பம், சமணக் குடும்பத்து மூத்த பெண்களின் விரல்களில் இருக்கிறது. இளைய தலைமுறைக்கு அது தெரியாது. பொட்டலத்தைக் கிழித்து அப்படியே கொதிநீரில் இடுகிறது. இல்லத்துச் சமையலறையில் முறத்தை அவர்கள் முன் வைத்து இதைக் கற்றுத்தரச் சொன்னால், கற்பிப்பவர் ஆசிரியராவார். பல்லாங்குழியும் தாயமும் நல்லனவே. ஆனால் எந்நாளும் விளையாட்டில் இருத்தினால், பெரியவர்களைக் குழந்தைகளாக்கி விட்ட கூச்சம் அவர்களுக்கு வரும். நம் விழா நாள்களில் நடப்பதையும் சொல்லியாக வேண்டும். மகாவீரர் ஜெயந்தியன்று நான்கு குடும்பத்தார் நான்கு இனிப்புகளோடு இல்லத்திற்கு வருகின்றனர், புகைப்படம் எடுக்கின்றனர், மறுநாள் முழுதும் நீரிழிவும் வயிற்றுப்போக்கும் பணியாளர் தலையில் விழுகின்றன. ஐந்தாம் நாள் வருவதற்கு எவரும் இல்லை.

உணவு நெறியிலும் கவனம் தேவை. கதிர் மறையுமுன் உண்பது முதியோர் உடலுக்கும் ஒத்ததே. இல்லம் அதற்கேற்ப நேரம் வகுக்கலாம். ஆனால் இன்சுலின் போட்டுக்கொள்பவர்க்குப் பின்னிரவில் சர்க்கரை தாழ்ந்தால் உடனே ஏதேனும் கொடுத்தாக வேண்டும். விரதத்தை மேற்கொள்பவர் தாமே தம் வாயால் ஏற்க வேண்டும் என்பது நெறி. நினைவு மங்கிய ஒருவர்மீது மகனோ மேலாளரோ விரதத்தை ஏற்றுதல் விரதமாகாது; பட்டினியாகும்.

இதே அளவுகோலைச் சல்லேகனைக்கும் வைத்துப் பார்த்தல் தகும். 2015 ஆகஸ்டில் இராஜஸ்தான் உயர்நீதிமன்றம் சந்தாராவைத் தற்கொலைக்கு ஒப்பாகக் கருதித் தடை விதித்தது. அம்மாத இறுதியிலேயே உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது. அப்போது சமணர் பலர் தெருவில் இறங்கிப் போராடினர். தென்மாவட்டங்களில், விருதுநகர் வட்டாரத்தில், தலைக்கூத்தல் என்னும் வழக்கம் பற்றி 2010இல் செய்திகள் வெளிவந்தன. படுத்த முதியவருக்குத் தலை நிறைய எண்ணெய் தேய்த்து முழுக்காட்டி, இளநீர் கொடுத்து, உயிர் போகும்படி செய்வது அது. வெளியிலிருந்து நோக்குவோர் இரண்டையும் ஒன்றெனக் கூறிவிடக்கூடும். வேறுபாட்டைக் காட்டுவது பகவதி ஆராதனையின் எண்ணே. ஒன்றில், தெளிந்த அறிவோடு ஆசிரியரின் இசைவு பெற்று நோற்பவர், சூழ நாற்பத்தெண்மர் விழித்திருக்கின்றனர். மற்றொன்றில், பார்த்துக்கொள்ள ஆளில்லாத வீடு முதியவருக்காகத் தானே முடிவெடுக்கிறது. துணை நிற்போர் இல்லாத ஊரில் சல்லேகனையின் பெருமையைப் பேசுவதற்கு முன் சற்றுத் தயங்க வேண்டும்.

இப்பள்ளத்தாக்கிலேயே அவ்வாறு சூழ்ந்து நின்ற ஒரு கூட்டுவாழ்வைக் காண விரும்புவோர் களக்காட்டிற்கு அருகேயுள்ள டோனாவூரை நோக்கலாம். வேற்றுச் சமயத்தார் செய்ததாயினும் நற்செயலை நற்செயலென்று கொள்வதே அநேகாந்தம் கற்பித்த முறை. அயர்லாந்திலிருந்து வந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1901 முதல் ஆதரவற்ற சிறுமியரை ஏற்று வளர்த்தார். சிறுமியர் வளர்ந்து, தாமே பிறகு வந்த குழந்தைகளுக்கு அக்காமார் ஆயினர்; செவிலியர் ஆயினர்; மருத்துவமனை எழுந்தது. 1931இல், மருந்தகத்திற்கென எடுத்த வீட்டைப் பார்வையிட அவர் களக்காட்டிற்குச் சென்றபோது, அந்திப் பொழுதில் புதிதாய் வெட்டிய குழியில் விழுந்து காலொடிந்தார். அதன் பின் 1951இல் இறக்கும் வரை, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பெரும்பாலும் படுக்கையிலேயே கழிந்தன. அவ்வறையிலிருந்தே அவர் பல நூல்களை எழுதினார். நலமாக இருப்போர் நோயுற்றோர்க்கு எழுதும் ஆறுதல் உரைகள் உள்ளத்தைத் தொடவில்லை என்று கண்டு, நோயாளி நோயாளிக்கு எழுதும் நூலாகவே ஒன்றை அமைத்தார். படுக்கையில் இருந்தவர் அந்தச் சமூகத்தின் நடுவில் இருந்தார், ஓரத்திற்குத் தள்ளப்படவில்லை. குழந்தையாய் வந்தோர் முதியோராகும் வரை ஒரே வளாகத்தில் வாழ்ந்ததனால், முதுமைக்கென்று தனியே ஓரிடம் ஒதுக்கிக் கைவிடும் தேவை அங்கே எழவில்லை.

அத்தகைய வளாகத்தை எழுப்ப இன்று நிலமும் பணமும் உடனே கிட்டாமல் போகலாம். அண்டையிலுள்ள கேரளம் வேறு வழியைக் கண்டது. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்பு மருத்துவச் சங்கமும், அதன் பின் மலப்புறம் பகுதியில் பரவிய அண்டை அயலார் வலையமைப்பும் கட்டடத்தை நம்பவில்லை. வாரத்தில் இரண்டொரு மணி நேரம் தரக்கூடிய ஆசிரியரும் கடைக்காரரும் மாணவரும் பயிற்சி பெற்று, தம் தெருவிலேயே படுத்திருப்போரின் வீட்டுக்குச் சென்றனர். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியாக வலி தணிப்புச் சேவையும் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டு வாசலுக்கே வருகின்றன. அரசு தரும் செவிலியர் வந்து புண்ணுக்கு மருந்திட்டுச் செல்வார். அவர் சென்றபின் எஞ்சும் பொழுதே நீண்டது.

அறக்கட்டளையார் இதற்கு ஒரு பதிவேடு திறக்கலாம். நெல்லை, பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், தென்காசி என ஊர்வாரியாகப் படுத்த படுக்கையில் இருப்போர் யாவர் என்பது ஒரு பக்கம். சமணர் என்ற வரையறை இதில் வேண்டா. மறுபக்கத்தில் பன்னிரண்டு பணிகள். புரட்டிப் படுக்கவைக்கக் கற்றுக்கொள்ள முன்வருவோர் சிலர் இருப்பர். உணவு கொண்டுவருவோர்க்குக் குறைவே இராது. கதை சொல்லவும் நாளிதழ் படித்துக் காட்டவும் ஓய்வுபெற்றோர் பலர் உளர். கழிவகற்றும் பணிக்கு உரிய கூலியும் வார விடுமுறையும் தந்து பெண்களை அமர்த்த நிதி ஒதுக்க வேண்டும். இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரையுள்ள கட்டத்தில்தான் பெயர் எழுத எவரும் எளிதில் முன்வரார். பதிவேட்டை அந்தக் கட்டத்திலிருந்து நிரப்பத் தொடங்கலாம்; ஒரு வீட்டிற்கு இருவர் வீதம்.